தோரியானைட்டைக் கண்டுபிடித்தது யார்?

தோரியானைட் என்னும் அரிய கதிரியக்கக் கனிமத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. தமிழ்ச் சமூக ஊடகங்களில் அவ்வப்போது வலம்வரும் விடை, ஆனந்த குமாரசாமி என்னும் தமிழர் என்பது. கனிமவியல் வகுப்பறைகளில் கேட்கக்கூடிய விடை, லண்டன் வேதியியலாளர் விந்தாம் டன்ஸ்டன் என்பது. முதல் விடையைப் பகிர்வோர் இரண்டாவதைக் காலனியத் திருட்டு என்கிறார்கள். இரண்டாவதை ஏற்போர் முதலாவதை இனப்பெருமிதம் என்று ஒதுக்குகிறார்கள். சண்டை சூடாக நடக்கிறது. ஆனால் சண்டையிடும் இரு தரப்பும் ஒரே நம்பிக்கையைத்தான் வைத்திருக்கின்றன. ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு பெயர்தான் இருக்க முடியும் என்பதே அந்த நம்பிக்கை. அது பொய். அந்தப் பொய்யின் விலையை இன்றும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கூடங்களில் பலர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால்தான் இந்தப் பழைய கதையைத் திரும்பக் கிளற வேண்டியிருக்கிறது.

முதலில் கனிமத்தை அறிந்துகொள்வது நல்லது. பெருமிதப் பதிவுகளில் அதற்குத்தான் இடமே இருப்பதில்லை. தோரியானைட்டின் முதன்மைக் கூறு தோரியம் டை ஆக்சைடு. இலங்கையில் கிடைத்த மாதிரிகள் பலவற்றில் அது நூற்றுக்கு எழுபது பங்குக்கும் மேல் இருந்தது. கூடவே யுரேனியம் ஆக்சைடும், சீரியம், லாந்தனம் முதலிய அருமண் தனிமங்களின் ஆக்சைடுகளும், சிறிது ஈயமும் இருக்கும். நிறம் கறுப்பு அல்லது கருஞ்சாம்பல். படிகம் கனசதுர வடிவம். ஆற்று நீரில் உருண்டு வந்த படிகங்களின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். இலங்கைப் படிகங்கள் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. ஆனால் கையில் எடுத்தால் அளவுக்குப் பொருந்தாத கனம் தெரியும். தூய தோரியம் டை ஆக்சைடின் அடர்த்தி தண்ணீரைப்போல் பத்து மடங்கு. கனிமத்தின் அடர்த்தி அதைவிடச் சற்றுக் குறைவு. அதன் உருகுநிலை 3,300 டிகிரி செல்சியசுக்கும் மேல். அறியப்பட்ட ஆக்சைடுகளில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று.

தோரியம் 232இன் அரைவாழ்வுக்காலம் 1,405 கோடி ஆண்டுகள். புவியின் வயதைப்போல் மூன்று மடங்கு. ஆகவே புவி தோன்றியபோது இருந்த தோரியத்தில் பெரும்பகுதி இன்றும் அப்படியே இருக்கிறது. சிதையும் ஒவ்வொரு தோரியம் அணுவும் படிப்படியாக ஆறு ஆல்பா துகள்களை வெளியிட்டு இறுதியில் ஈயம் 208 ஆகிறது. ஆல்பா துகள் என்பது ஹீலியம் அணுவின் கருவே. அது எலக்ட்ரான்களைப் பற்றிக்கொண்டு ஹீலியம் ஆகி, படிகத்துக்குள்ளேயே சிறைப்படுகிறது. ஒரு கிராம் தோரியானைட்டைச் சூடாக்கியபோது ஏறத்தாழ 9 கன சென்டிமீட்டர் ஹீலியம் வெளிவந்தது. கல்லுக்குள் காலம் வாயுவாகச் சேமிக்கப்பட்டிருந்தது. அந்தச் சேமிப்பை அளந்துதான் 1910 வாக்கில் ஆர். ஜே. ஸ்ட்ரட், பாறைகளின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று காட்டினார். புவியின் வயதைச் சில கோடி ஆண்டுகளுக்குள் அடக்கிவிட்ட கெல்வின் பிரபுவின் கணக்கை உடைத்த சான்றுகளில் இலங்கையின் இந்தக் கறுப்புப் படிகமும் ஒன்று.

இத்தகைய கனிமம் எங்கே, எப்படிக் கிடைத்தது? சபரகமுவ மாகாணத்தில் பலாங்கொடையை அடுத்த பம்பரபொட்டுவப் பகுதியின் ஆற்று வண்டலில். இரத்தினபுரியைச் சுற்றியுள்ள அந்த நிலம் நூற்றாண்டுகளாக மாணிக்கக்கல் தோண்டுவோரின் நிலம். களிமண்ணுக்கு அடியில் இருக்கும் பரற்படுகையைச் சிங்களத்தில் இல்லம் என்பார்கள். தமிழில் வீட்டைக் குறிக்கும் சொல்லைப்போலவே ஒலிக்கும். குழி தோண்டி, அந்தப் பரலை மேலே கொணர்ந்து, கூடையில் இட்டு, ஓடும் நீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவுவார்கள். குவார்ட்சின் ஒப்படர்த்தி 2.65. அது எளிதில் வெளியேறிவிடும். நீலக்கல்லின் ஒப்படர்த்தி 4. அது தங்கும். சிர்க்கானின் ஒப்படர்த்தி 4.7 வரை. அதுவும் தங்கும். ஒன்பதுக்கும் மேல் ஒப்படர்த்தி உள்ள தோரியானைட் எல்லாவற்றுக்கும் அடியில் போய் உட்காரும். ஆய்வகங்களில் அடர்த்தி வழிப் பிரிப்பு என்று பெரிய பெயரில் சொல்லப்படும் முறை இதுதான். அந்தக் கூடையே முதல் பகுப்பாய்வுக் கருவி. அதைச் சுழற்றிய கைகளே முதல் பகுப்பாய்வாளர்கள். டன் கணக்கான பரலிலிருந்து ஒரு கைப்பிடிக் கறுப்பு மணியைப் பிரித்தெடுக்கும் அந்த உழைப்பு இல்லாமல் லண்டனுக்கு அனுப்ப எதுவுமே இருந்திருக்காது.

அந்த வண்டலில் கிடைத்த கறுப்புப் படிகங்களை முதலில் கவனித்து எடுத்தவராக ஹாலண்டு என்பவரின் பெயர் பதிவாகியுள்ளது. அப்போது இலங்கையில் கனிம ஆய்வகம் ஒன்று 1903 முதல் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் இயக்குநர்தான் ஆனந்த குமாரசாமி. சர் முத்து குமாரசாமிக்கும் எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணிக்கும் 1877இல் கொழும்பில் பிறந்தவர். இரண்டு வயதில் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவியியலும் தாவரவியலும் பயின்றவர். பிற்காலத்தில் கலை வரலாற்றாளராக உலகப் புகழ் பெற்ற அதே குமாரசாமி. ஜி. டி. பிரையருடன் இணைந்து செரண்டிபைட் என்னும் புதிய கனிமத்தை அதற்கு முன்பே விவரித்திருந்ததால், புதிய கனிமத்தைப் புதியது என்று அறிவிக்கும் வழிமுறை அவருக்குப் பழக்கமானதே. 1904இல் அவர் இந்தக் கறுப்புப் படிகங்களை யுரேனினைட் என்று விவரித்தார். யுரேனினைட் என்பது யுரேனியத்தின் ஆக்சைடுக் கனிமம். பிட்ச்பிளெண்டு என்று கியூரி இணையரின் கதையில் வருவது அதன் ஒரு வடிவம்.

மாதிரிகள் லண்டனில் தெற்குக் கென்சிங்டனில் இருந்த இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டுக்குச் சென்றன. அதன் இயக்குநர் டன்ஸ்டன். அங்கு நடந்த வேதிப் பகுப்பாய்வில், யுரேனியம் சிறுபான்மை என்றும் தோரியமே பெரும்பான்மை என்றும் தெரிந்தது. 1904ஆம் ஆண்டிலேயே நேச்சர் இதழில் செய்தி வந்தது. தோரியத்தின் மிகுதியால் தோரியானைட் என்று பெயரிடப்பட்டது. விரிவான கட்டுரை 1905இல் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் டன்ஸ்டன், பிளேக் இருவர் பெயரிலும் வந்தது. டன்ஸ்டனின் பெயரை உரக்கச் சொல்வோர் பிளேக்கின் பெயரைச் சொல்வதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். ஒற்றைப் பெயர்ப் பழக்கம் ஏழை நாட்டாரை மட்டும் விழுங்குவதில்லை; தலைநகரின் இரண்டாம் ஆசிரியரையும் விழுங்கிவிடும்.

இங்கேதான் இரு தரப்பும் வசதியாகத் தாண்டிச் செல்லும் அறிவியல் இருக்கிறது. குமாரசாமி பிழை செய்தார், டன்ஸ்டன் திருத்தினார், ஆகவே கண்டுபிடிப்பு டன்ஸ்டனுடையது என்பது ஒரு வாதம். ஆனால் அந்தப் பிழை எத்தகையது? யுரேனியம் டை ஆக்சைடும் தோரியம் டை ஆக்சைடும் ஒரே படிகக் கட்டமைப்பு உடையவை. இரண்டும் கறுப்பு, இரண்டும் கனம், இரண்டும் கனசதுரம், இரண்டும் கதிரியக்கம் உடையவை. இரண்டிலும் ஒரு தனிமம் மற்றொன்றின் இடத்தில் எந்த விகிதத்திலும் அமர முடியும். முழு யுரேனியத்திலிருந்து முழுத் தோரியம் வரை இடைவெளியற்ற ஒரு தொடர் அது. யுரேனினைட் எங்கே முடிகிறது, தோரியானைட் எங்கே தொடங்குகிறது என்பதை இயற்கை கோடு போட்டுக் காட்டவில்லை. தோரியம் பாதியைத் தாண்டினால் தோரியானைட் என்பது மனிதர் வகுத்த விதி. எக்ஸ் கதிர் விளிம்பு விலகலே 1912இல்தான் அறியப்பட்டது. அதைப் பயன்படுத்தினாலும் இரண்டின் கட்டமைப்பு அளவுகளுக்கு இடையிலான வேறுபாடு நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவு. 1904இல் களத்தில் நின்று படிகத்தைப் பார்த்தவர் அதை யுரேனினைட் என்று சொன்னது, சரியான குடும்பத்தைக் கண்டு ஊரை மட்டும் மாற்றிச் சொன்னதற்கு ஒப்பானது. அந்தக் கறுப்புக் கல் வெறும் இரும்புத்தாதோ தகரத்தாதோ இல்லை, கதிரியக்கக் கனிமங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்ற அறிதல் இலங்கையிலேயே நடந்துவிட்டது. லண்டன் செய்தது அடுத்த படி. இன்றியமையாத படிதான். ஆனால் அது முதல் படியும் இல்லை, ஒரே படியும் இல்லை.

அப்படியானால் அந்த அடுத்த படி ஏன் லண்டனில் நிகழ்ந்தது? மேதைமை அங்கே மட்டும் விளைந்ததாலா? தோரியத்துக்கு அன்று சந்தை இருந்தது. வெல்ஸ்பாக்கின் வாயு விளக்குகளில் எரிந்த வலை மூடி, அதாவது தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு பழக்கமான மேன்டில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்டது. ஐரோப்பிய நகரங்களின் தெருவெளிச்சம் தோரியத்தை நம்பியிருந்தது. குடியேற்ற நாடுகளின் இயற்கைப் பொருள்களைத் தொழிலுக்கு ஏற்ப ஆராய்வதே இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டின் பணி. மாதிரி இலங்கையிலிருந்து போவதும், பகுப்பாய்வும் பெயரும் அங்கிருந்து வருவதும் ஒரு நிர்வாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை அறிவியல் தகுதியின் தரவரிசையாக வாசிப்பதுதான் கையேட்டுத் தரப்பின் பிழை.

பெயரிட்ட பின்னும் இந்தக் கனிமம் பலரது புகழுக்கு ஏணியாக இருந்தது. லண்டனில் வில்லியம் ராம்சே இலங்கைத் தோரியானைட்டைப் பெருமளவில் வாங்கினார். அதிலிருந்து பெற்ற பேரியம் உப்பை 1904ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓர் இளம் ஜெர்மானியரிடம் கொடுத்து, அதில் உள்ள ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார். ஆட்டோ ஹான் என்ற அந்த இளைஞர், அதில் ரேடியம் அல்லாத வேறொரு கதிரியக்கம் இருப்பதைக் கண்டு 1905இல் ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். புதிய தனிமம் கண்டதாகவே அன்று கருதப்பட்டது. பின்னர் சாடி முன்வைத்த ஐசோடோப்புக் கோட்பாட்டின் ஒளியில், அது தோரியத்தின் இன்னொரு வடிவமான தோரியம் 228 என்று தெளிவானது. அதன் அரைவாழ்வுக்காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் சற்றுக் குறைவு. ஹான் பின்னாளில் அணுக்கருப் பிளவுக்காக நோபல் பரிசு பெற்றவர். அவரைக் கதிரியக்கத் துறைக்குள் இழுத்த முதல் பொருள் சபரகமுவ வண்டலிலிருந்து வந்தது.

இந்த நிகழ்ச்சியில் ஒரு பாடம் உண்டு. ஹான் கண்டதைப் புதிய தனிமம் என்று கருதியது பிழை. ஆயினும் ரேடியோதோரியத்தைக் கண்டவர் என்ற பெருமை அவரிடமிருந்து பறிக்கப்படவில்லை, பறிக்கப்படவும் கூடாது. குமாரசாமி ஒரு புதிய கனிமத்தை அறிந்த கனிமத்தின் பெயரால் அழைத்தது பிழை. அந்தப் பிழைக்காக அவரது பங்கு வாதத்திலிருந்தே நீக்கப்படுகிறது. ஒரே வகைப் பிழைக்கு இரண்டு வகைத் தீர்ப்பு. அளவுகோல் எங்கே மாறுகிறது என்பதைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டுப் பெருமிதத் தரப்பு மகிழ்ந்துகொள்ள வேண்டியதில்லை. தமிழர் கண்டுபிடித்த கனிமம் என்ற பதிவு செய்வதும் அதே அழிப்புத்தான். அது டன்ஸ்டனை நீக்கிவிட்டு அதே நாற்காலியில் குமாரசாமியை அமர்த்துகிறது. நாற்காலி ஒன்றுதான் என்பதை அது கேள்வி கேட்பதில்லை. ஹாலண்டு காணாமல் போகிறார். குழிக்குள் இறங்கியவரும் கூடை சுழற்றியவரும் முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. சிங்கள ஊரின் வண்டலில், பெரும்பாலும் பிறர் உழைப்பில் கிடைத்த ஒன்றுக்குத் தமிழ் முத்திரை குத்துவது எந்த நீதியின்பாற்பட்டது? தாய் வழியையும் வளர்ந்த நாட்டையும் மறைத்து, ஒரு மனிதரின் பாதியை மட்டும் வெட்டி எடுத்துச் சுவரில் மாட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையும் இல்லை.

குமாரசாமியின் வாழ்க்கையே இந்தப் பெருமிதத்துக்கு எதிரான சான்று. கனிம ஆய்வுக்காக இலங்கையின் ஊர்களில் அலைந்த ஆண்டுகளில்தான் அவர் பெயர் தெரியாத கைவினைஞர்களின் வேலையைக் கண்டார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். அந்நூலின் பொருளே கொல்லர், தச்சர், நெசவாளர், ஓவியர் ஆகியோரின் உழைப்பு. அதற்கான ஒளிப்படங்களை எடுத்தவர் அவருடைய மனைவி எத்தல். அவர் பெயரும் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? கனிமவியலிலிருந்து கைவினைக்குப் போனவர், தம் பெயரால் கைவினைஞர் மறைக்கப்படுவதை விரும்பியிருப்பார் என்று நம்புவது கடினம்.

கற்றவர்கள் எழுப்பும் ஒரு மறுப்புக்கு இங்கே நேர்மையான விடை தேவை. பொருளைக் கையில் எடுப்பது கண்டுபிடிப்பாகாது, அதைப் புதிது என்று உணர்வதே கண்டுபிடிப்பு என்பது அந்த மறுப்பு. குழியில் கறுப்புக் கல்லைக் கண்டவர் அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். அறிதல் இன்றேல் அது வெறும் கல். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மை இல்லை. ஆக்சிஜனை ஷீலேயும் பிரீஸ்ட்லியும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். லவாய்சியர் அது என்னவென்று விளக்கினார். அறிதலே கண்டுபிடிப்பு என்றால் முதல் இருவரையும் வரலாற்றிலிருந்து நீக்க வேண்டும். எந்தப் பாடநூலும் அப்படி நீக்கவில்லை. மூன்று பெயரும் இன்றும் சேர்ந்தே நிற்கின்றன. தோரியத்தின் சொந்த வரலாற்றிலும் இதுவே நடந்தது. நார்வேயின் ஒரு தீவில் கறுப்புக் கனிமம் ஒன்றைக் கண்டெடுத்தவர் எஸ்மார்க் என்னும் இளைஞர். அது பேராசிரியரான அவருடைய தந்தை வழியாக ஸ்வீடனில் இருந்த பெர்சீலியசுக்குப் போனது. பெர்சீலியஸ் அதில் புதிய தனிமத்தைக் கண்டு, தோர் என்ற நார்டிக் கடவுளின் பெயரால் தோரியம் என்று பெயரிட்டார். அந்தக் கதையைச் சொல்லும் நூல்கள் எஸ்மார்க்கை மறப்பதில்லை. கல்லைக் கண்டெடுத்தவரின் பெயரைச் சொல்வதால் பெர்சீலியசின் உயரம் ஓர் அங்குலமும் குறைந்துவிடவில்லை.

இலங்கையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1953இல் எப். எல். டி. ஏகநாயக்க என்பவர் அங்கு பச்சை நிறக் கல் ஒன்றைக் கண்டார். தோரியம் கலந்த கால்சியம் சிலிக்கேட் அது. தன் கதிரியக்கத்தாலேயே தன் படிக ஒழுங்கு சிதைந்துபோன விந்தையான கனிமம். 1961இல் அதை நேச்சர் இதழில் விவரித்தவர்கள் லண்டன் ஆய்வாளர்கள். ஆனால் பெயர் ஏகனைட். கண்டெடுத்தவர் பெயரும் விவரித்தவர்கள் பெயரும் சேர்ந்தே நிலைத்தன. விருப்பம் இருந்தால் இது முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எதிர்முனையில் திருவிதாங்கூரின் கதை நிற்கிறது. தோரியம் தரும் இன்னொரு கனிமமான மோனசைட், தென்கோடிக் கடற்கரை மணலில் உள்ளது என்பதை 1909 வாக்கில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலிருந்து அவருக்கு அந்தத் துப்புக் கிடைத்தது. மணவாளக்குறிச்சியின் மணல் ஆலை அந்தத் துப்பின் விளைவு. அந்தக் கயிற்றைத் திரித்தது யார்? தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்து அடித்து நாராக்கியது யார்? அவர்கள் மோனசைட்டைக் கண்டுபிடித்தார்கள் என்று யாரும் சொல்லப் போவதில்லை, சொல்வதும் சரியாகாது. ஆனால் கண்டுபிடிப்பு என்பது ஒரு மனிதரின் மூளையில் மின்னிய மின்னல் என்ற கதை, அந்தக் கயிறு இல்லாமல் ஒரு வரிகூட நகராது.

இது பழங்கதையாக மட்டும் இருந்திருந்தால் இத்தனை சொற்கள் வீண். இன்று இந்தியாவில் ஒரு புவியியல் துறையோ, தாவரவியல் துறையோ, மானிடவியல் துறையோ எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் பம்பரபொட்டுவ இன்னும் முடிந்துவிடவில்லை என்பது புலப்படும். களத்துக்குப் போகும் குழுவில் வழி காட்ட ஓர் ஊர்க்காரர் இருப்பார். எந்த ஓடையில் எந்தக் கல் புரளும் என்று அவருக்குத் தெரியும். அவர் காட்டிய இடத்தில் மாதிரி எடுக்கப்படும். மாதிரிச் சீட்டில் அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் ஏறும். அவர் பெயர் ஏறாது. மாதிரியைச் சுமந்து, இடித்து, சலித்து, கழுவி, கனமான கனிமங்களைப் பிரிக்கும் வேலை முதலாண்டு ஆய்வு மாணவருக்கும் தினக்கூலிப் பணியாளருக்கும். கருவியில் இடும்போது அந்த மாதிரி வேறொருவருடையது ஆகிவிடும். கட்டுரையில் முதற்பெயர் இன்னொருவருடையது. நன்றியுரையின் கடைசி வரியில், களப்பணியில் உதவிய அனைவருக்கும் நன்றி என்று ஒரு சொற்றொடர். அனைவருக்கும் என்ற சொல்தான் இருபத்தோராம் நூற்றாண்டின் புதைகுழி.

ஆசிரியத் தகுதிக்கு விதிகள் உண்டே என்பார்கள் நெறியாளர்கள். உண்டு. மருத்துவ இதழ்களின் பன்னாட்டுக் குழு வகுத்த, பிற துறையினரும் எடுத்தாளும் விதிகள், தரவு திரட்டுதலைத் தகுதியின் ஒரு கூறாகவே ஏற்கின்றன. எழுத்திலும் இறுதி ஒப்புதலிலும் பங்கேற்க வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை. ஆனால் அதே விதிகள், தரவில் கணிசமாகப் பங்களித்தவர்க்கு எழுத்தில் பங்கேற்கும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கின்றன. முதற்பாதி மட்டும் துறைகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. எழுத அழைக்காமலே ஒருவரை எழுதவில்லை என்று நீக்குவது விதியைக் கடைப்பிடிப்பது ஆகாது. விதியைக் கருவியாக்கிக் களவாடுவது.

கதிரியக்கக் கனிமம் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலாது. தோரியம் உமிழும் ஆல்பா துகளைத் தோலே தடுத்துவிடும். ஆனால் நுண்தூசியாக மூச்சுக்குழலில் புகுந்தால் அதே ஆல்பா உள்ளிருந்து தாக்கும். சிதைவுத் தொடரில் வரும் தாலியம் 208 வெளியிடும் 2.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிரைத் தடுக்கக் கனத்த ஈயம் வேண்டும். கனிமத்துக்கு மிக அருகில், மிக நீண்ட நேரம் இருப்பவர் அதை இடிப்பவரும் சலிப்பவரும்தான். கட்டுரையில் பெயர் வரும் வரிசைக்கும் உடலில் கதிர் படும் வரிசைக்கும் நேர்த்தலைகீழ் உறவு இருப்பதை எந்த அறிவியல் நியாயப்படுத்தும்? பெயர் பதிவாகாத இடத்தில் கதிர் அளவும் பதிவாவதில்லை. பெயரைக் கேட்பது புகழாசை என்று ஏளனம் செய்வோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். பெயர் என்பது பொறுப்பின் முகவரி. அது இல்லாதவருக்குப் பாதுகாப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகள் இல்லை. மாதிரிச் சீட்டில் இடத்தின் பெயரோடு, எடுத்தவர் பெயரும் காட்டியவர் பெயரும் எழுதப்பட வேண்டும். அருங்காட்சியகப் பதிவேட்டிலும் தரவுக் களஞ்சியத்திலும் அந்தப் பெயர்கள் கூடவே பயணிக்க வேண்டும். ஆய்வேடுகளில் யார் எந்த வேலையைச் செய்தார் என்ற பங்களிப்புக் குறிப்பு கட்டாயமாக வேண்டும். பதினான்கு வகைப் பணிகளைப் பிரித்துக் காட்டும் ஒரு வகைப்பாடு ஏற்கெனவே பல பன்னாட்டு இதழ்களில் நடைமுறையில் இருக்கிறது. கதிரியக்க மாதிரியைக் கையாளும் ஒவ்வொருவருக்கும், தினக்கூலி பெறுபவருக்கும், கதிர் அளவுப் பட்டை தரப்பட வேண்டும். இவற்றுக்கு நிதி மிகுதியாக வேண்டியதில்லை. வெட்கம் கொஞ்சம் இருந்தால் போதும்.

பாடநூலுக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் ஒரு வரி தேவைப்படுகிறது என்றால் அதையும் எழுதிவிடலாம். தோரியானைட், இலங்கையின் சபரகமுவ மாகாணத்தில் மாணிக்கக்கல் கழுவும் தொழிலாளர்களின் வண்டலிலிருந்து வெளிப்பட்டது. ஹாலண்டு அதைக் கவனித்து எடுத்தார். கனிம ஆய்வக இயக்குநர் ஆனந்த குமாரசாமி 1904இல் அதை யுரேனினைட் என்று விவரித்தார். லண்டனில் டன்ஸ்டன், அதில் தோரியமே மிகுதி என்று கண்டு, புதிய கனிமம் என அறிவித்துப் பெயரிட்டார். பிளேக்குடன் இணைந்து 1905இல் விரிவாக விவரித்தார். எண்ணிப் பார்த்தால் நாற்பது சொற்கள்தான். இவ்வளவுக்குக்கூட இடமில்லை என்று சொல்லும் பாடநூல், கனிமங்களைப் பற்றி எதைக் கற்பிக்கிறதோ தெரியாது. மனிதர்களைப் பற்றித் தவறாகக் கற்பிக்கிறது என்பது மட்டும் உறுதி.